அழகு மட்டும் போதுமா?

இலண்டன் மாநகரில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பெருங்கூடத்தில் நீலத்திமிங்கிலம் ஒன்றின் எலும்புக்கூடு கூரையிலிருந்து தொங்குகிறது. அதன் நீளம் 25 மீட்டருக்கும் சற்று மிகுதி. 1891ஆம் ஆண்டு அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டில் கரையொதுங்கிய திமிங்கிலம் அது. இடமும் காலமும் தெரிந்திருப்பதனாலேயே அவ்வெலும்புகளுக்கு அறிவியலில் மதிப்பு மிகுதி. ஊசி குத்திப் பெட்டிகளில் வைக்கப்பட்டிருக்கும் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் இது பொருந்தும். ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரு சிறு சீட்டு உண்டு. எங்கே பிடிக்கப்பட்டது, எந்நாளில், யாரால் என்பன அதில் இருக்கும். சீட்டுத் தொலைந்த பூச்சி எத்துணை அழகியதாயினும் ஆய்வாளருக்கு அதனால் பெரும்பயன் இல்லை.

இதே அருங்காட்சியகத்தில்தான் உலகின் புகழ்பெற்ற காட்டுயிர் ஒளிப்படக் கண்காட்சி நடைபெறுகிறது. 1965இல் ஓர் இதழ் நடத்திய சிறு போட்டியாகத் தொடங்கி, 1984இல் அருங்காட்சியகமும் கைகோத்தபின் பெரிதாக வளர்ந்தது அது. இருளாக்கப்பட்ட அரங்கில், பின்புறமிருந்து ஒளியூட்டப்பெற்ற படங்கள் திறந்த சாளரங்கள் போல் தோன்றுகின்றன. காண்போர் ஒரு படத்தின் முன் நின்று வியக்கின்றனர், கைப்பேசியை உயர்த்தி அப்படத்தையே படம் பிடிக்கின்றனர் (அதில் என்ன இன்பமோ!), அடுத்த படத்திற்கு நகர்ந்துவிடுகின்றனர். அருகிலுள்ள சில வரிக் குறிப்பைக் குனிந்து படிப்போர் சிலரே. பூச்சிக்குச் சீட்டு எவ்வாறோ அவ்வாறே காட்டுயிர்ப் படத்திற்கு அக்குறிப்பு. அதனைப் படியாதவர் கண்காட்சியில் பாதியையே கண்டவர் ஆவார்.

2009ஆம் ஆண்டின் முதற்பரிசு ஸ்பெயின் நாட்டு ஒளிப்படக் கலைஞர் ஒருவருக்குக் கிடைத்தது. இரவு நேரம், ஓர் ஓநாய் வேலிக்கதவைத் தாண்டிப் பாய்கிறது, நான்கு கால்களும் நிலத்தைத் தொடவில்லை. பாட்டி சொன்ன கதையிலிருந்து குதித்து வந்ததுபோன்ற ஓநாய். கண்டோர் அனைவரும் மயங்கினர். ஆனால் ஸ்பெயினின் பிற ஒளிப்படக் கலைஞர்கள் ஐயுற்றனர். காட்டில் வாழும் ஓநாய், கதவின் இடைவெளி வழியே நுழைந்து செல்லுமேயன்றி இவ்வாறு தாண்டாது என்றனர். நடுவர்கள் மீண்டும் ஆராய்ந்தனர். அது பழக்கப்பட்ட ஓநாயாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி என்று முடிவு செய்து, 2010 ஜனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றனர். பழக்கிய விலங்கை நடிக்கவைத்து எடுக்கும் படங்களைப் போட்டியின் விதிகள் ஏற்பதில்லை. படமெடுத்தவரோ குற்றச்சாட்டை மறுத்தார்.

படம் அழகாகத்தானே இருக்கிறது, ஓநாய் எதுவாக இருந்தால் என்ன என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியில் ஓரளவு நியாயமும் உண்டு. ஓவியர் ஒருவர் தாம் காணாத சிங்கத்தையும் வரையலாம். விளம்பரத்திற்காக ஓநாயைப் பாயவைத்திருந்தால் எவரும் குறை கூறப்போவதில்லை. ஆனால் 'காட்டுயிர்' என்னும் பெயர் தாங்கி அருங்காட்சியகச் சுவரில் இடம்பெறும் படம் ஒரு சாட்சியம். இவ்வுயிர் இவ்விடத்தில், எவரும் ஏவாமல், தானே இவ்வாறு செய்தது என்று அது பார்ப்பவரிடம் உறுதி கூறுகிறது. அவ்வுறுதி பொய்யாயின், கொட்டும் பனியில் உண்மையான ஓநாய்க்காகக் காத்திருந்து வெறுங்கையோடு திரும்பியவர்க்கு இழைக்கப்படும் அநீதியை எதனால் ஈடுசெய்வது? நடுவர்கள் செய்தது கடுமையான செயல்; ஆயினும் சரியான செயல்.

எட்டாண்டுகளுக்குப் பின் இத்தகைய சிக்கல் மீண்டும் எழுந்தது. பிரேசிலில் இரவில் எடுக்கப்பட்ட ஒரு படத்தில், ஒளிரும் புழுக்களால் மின்னும் கறையான் புற்றை நோக்கிப் பெரும் எறும்புத்தின்னி ஒன்று வருகிறது. 2017இல் அது ஒரு பிரிவில் பரிசு வென்றது. அந்த எறும்புத்தின்னி, அங்குள்ள தேசியப் பூங்காவில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கும் பதப்படுத்திய உடல் என்று பின்னர் ஒருவர் எழுதித் தெரிவித்தார். அருங்காட்சியக அறிவியலாளர்கள் இரண்டின் படங்களையும் ஒப்பிட்டனர். உடலின் வரிகள், நிற்கும் நிலை, மயிர்க்கற்றைகள் அனைத்தும் ஒத்திருந்தன. 2018இல் பரிசு நீக்கப்பட்டது. இவரும் குற்றச்சாட்டை மறுத்தார். பதப்படுத்திய உடல்களைத் தலைமுறை தலைமுறையாகப் பேணிவரும் நிறுவனத்திற்கு இத்தகைய படம் அனுப்பப்பட்டதை எண்ணினால் சற்றே சிரிப்பும் வருகிறது.

இது பரிசோடு முடிந்துபோகும் செய்தியன்று. இந்தியாவில் நெடுங்காலம் புலிகளைக் காலடித் தடங்களைக் கொண்டே கணக்கிட்டு வந்தனர். இராஜஸ்தானின் சரிஸ்கா காட்டில் புலிகள் உள்ளன என்று ஏடுகள் கூறிவந்தன. 2005ஆம் ஆண்டு வாக்கில் தேடிப் பார்த்தபோது அங்கு ஒரு புலிகூட இல்லை. கள்ள வேட்டையில் எல்லாம் அழிந்திருந்தன. அதன்பின் கணக்கெடுக்கும் முறையே மாற்றப்பட்டது. 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் தானியங்கிக் கேமராக்கள் பொருத்தப்பட்டன. அவை எடுத்த படங்கள் 3 கோடியே 48 இலட்சத்திற்கும் மேல். அவற்றுள் புலி இருந்தவை 76,651 மட்டுமே. மனிதரின் கைரேகை போலவே புலியின் வரிகளும் ஒன்றுக்கொன்று வேறுபடும். அவ்வரிகளைக் கொண்டு 2,461 புலிகள் தனித்தனியே அடையாளம் காணப்பட்டன. அப்படங்களுள் பலவற்றில் ஒரு பாதி உடலோ வாலோதான் இருக்கும். கண்காட்சிச் சுவருக்கு அவை ஏறா. எனினும் எந்த நாள், எந்த இடம் என்பதில் அவை பொய் சொல்வதில்லை.

உண்மையும் அழகும் ஒரே படத்தில் சேர்வதும் உண்டு. இரஷ்யாவின் தொலைகிழக்குக் காட்டில் ஒரு பெண்புலி முதுபெரும் மரத்தைக் கட்டித் தழுவி நிற்கும் படம் 2020இல் முதற்பரிசு பெற்றது. செர்கெய் கோர்ஷ்கோவ் என்பவர் புலிகள் நடமாடும் தடத்தைத் தேடிக் கண்டு, அங்கே தானியங்கிக் கேமராவைப் பொருத்திவிட்டு அகன்றார். புலி தன் மணத்தை மரத்தில் பூசிச் செல்லும் அந்தக் கணம் கிடைப்பதற்கு 11 மாதங்களுக்கும் மேல் ஆயிற்று. குறிப்பைப் படிப்பவருக்கே அந்தப் பதினொரு மாதங்கள் தெரியும்.

அதற்கு அடுத்த ஆண்டு, இளையோர்க்கான முதற்பரிசைப் பெங்களூரைச் சேர்ந்த பத்து வயது வித்யுன் ஹெப்பார் பெற்றான். அவன் புலியைத் தேடிச் செல்லவில்லை. சுவரின் இடுக்கில் கூடாரம் போல் வலை பின்னியிருந்த சிறு சிலந்தியைப் படமெடுத்தான். கால்களை விரித்தாலும் 15 மில்லிமீட்டர் எட்டாத சிலந்தி அது. வலைக்குப் பின்னே பச்சையும் மஞ்சளுமாகப் பல வண்ணங்கள் மங்கலாகத் தெரிகின்றன. பார்ப்பவர் அதனை வானவில் என்றோ பூந்தோட்டம் என்றோ எண்ணக்கூடும். அது சாலையில் சென்ற ஓர் ஆட்டோரிக்‌ஷா என்று படத்தின் குறிப்பு சொல்கிறது. வண்டிகள் கடக்கும்போதெல்லாம் வலை அதிர்ந்தது. அதிர்வு அடங்கும்வரை அவன் காத்திருக்க வேண்டியிருந்தது.