வயிறு அறுக்க விமானச் சீட்டு!

உடம்பு பருத்துவிட்டதாம். அதைக் குறைக்க விமானம் ஏறி அந்நிய நாட்டுக்குப் போய், இரைப்பையை வெட்டி எறிந்துவிட்டு வருகிறார்களாம். இதைக் கேட்டால் நமது ஆலைத் தொழிலாளி சிரிப்பார். சேற்றில் நின்று நாற்று நடும் தாய், "தின்று கொழுத்த சீமான்களின் கூத்து, நமக்கென்ன?" என்பார்.

சிரிக்க வேண்டாம், தோழர்களே! போகிறவர்கள் சீமான்கள் அல்ல. சீமானுக்கு லண்டனிலேயே தனியார் ஆஸ்பத்திரி உண்டு. தனி அறை உண்டு. இரவு பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் ஓடி வரும் டாக்டர் உண்டு. அங்கே இந்த ஆபரேஷனுக்குச் சுமார் 10,000 பவுன் ஆகிறது. குறைந்தபட்சக் கூலி வாங்கும் பிரிட்டிஷ் தொழிலாளிக்கு அது ஏறக்குறைய ஐந்து மாதச் சம்பளம். துருக்கியில் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு முடித்துத் தருகிறோம் என்கிறார்கள். கையில் காசில்லாதவன்தான் மலிவுச் சரக்கைத் தேடிக் கடல் தாண்டுகிறான்.

ஏழை எப்படிப் பருப்பான் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் ஊரில் வறுமை எலும்பும் தோலுமாகத்தான் தெரியும். ஆனால் இங்கிலாந்தில் சர்க்கார் புள்ளிவிவரமே சொல்கிறது: பணக்காரர் வாழும் பகுதிகளைவிட ஏழைகள் வாழும் பகுதிகளில்தான் உடற்பருமன் அதிகம். காய்கறியும் பழமும் மீனும் விலை ஏறிக் கிடக்கின்றன. மாவும் சர்க்கரையும் எண்ணெயும் கலந்து ஆலையில் செய்து பொட்டலம் கட்டிய தீனி மலிவாகக் கிடைக்கிறது. இரவு ஷிப்டு முடிந்து வீடு திரும்புகிறவளுக்கு அடுப்பு மூட்ட நேரமேது? பிள்ளைகளுக்கும் அதே பொட்டலம்தான். அந்தத் தீனியை விற்று ஒரு முதலாளி லாபம் குவிக்கிறான். அதனால் வந்த நோயை அறுத்து இன்னொரு முதலாளி லாபம் குவிக்கிறான்.

ஆபரேஷன் என்ன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இரைப்பையில் முக்கால் பாகத்துக்கும் மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். வெட்டிய ஓரத்தைச் சின்னஞ்சிறு உலோகக் கம்பிகளால் வரிசையாகத் தைக்கிறார்கள். கொஞ்சம் தின்றாலே வயிறு நிறைந்துவிடும். வெட்டிய பகுதி திரும்ப முளைக்காது.

இந்த வைத்தியமே மோசம் என்று நாம் சொல்லவில்லை. தக்க நோயாளிக்குத் தக்க முறையில் செய்தால் சர்க்கரை நோய் தணிகிறது, ஆயுள் கூடுகிறது. விஞ்ஞானத்தின் சாதனை அது. ஆனால் கத்தி வைப்பதோடு வேலை முடிவதில்லை. முன்னதாக உணவு ஆலோசனை வேண்டும். இருதயமும் மனமும் தாங்குமா என்று பார்க்க வேண்டும். பிறகு இரண்டு வருஷமாவது அதே குழு நோயாளியைக் கவனிக்க வேண்டும் என்பது பிரிட்டனின் விதி. வைட்டமின்களும் இரும்புச் சத்தும் ஆயுள் முழுதும் தேவை.

வியாபாரி விற்பது என்ன? விமான நிலையத்தில் கார், நட்சத்திர ஓட்டல், ஆபரேஷன், மூன்று நான்கு நாளில் திரும்பும் விமானம்! சீட்டுக் கம்பெனிக்காரன் பாத்திரம் இனாம் என்று கூவுவது போல, பல்லுக்கும் சேர்த்துத் தள்ளுபடி என்று கூவுகிறார்கள். கைப்பேசியில் நாள் முழுதும் விளம்பரம். அந்த விளம்பரத்தின் பின்னால் தரகன். ஆள் ஒன்றுக்கு அவனுக்குக் கமிஷன். நமது பாட்டன்மாரை ஆசைகாட்டி இலங்கைத் தோட்டங்களுக்கும் மலேயா ரப்பர் காடுகளுக்கும் ஓட்டிச் சென்ற கங்காணியை நாம் மறந்துவிடவில்லை. இவன் அவனுடைய பேரன்.

தையல் எப்போது விடும்? நூற்றுக்கு ஒருவர் இருவருக்கு, நல்ல ஆஸ்பத்திரியிலும் விடுகிறது. அது ஓட்டலில் இருக்கும் மூன்று நாளுக்குள்தான் விட வேண்டும் என்று கட்டாயமில்லை. வாரம் கழித்தும் விடும், அதற்குப் பின்னும் விடும். வயிற்றுக்குள் சீழ் கட்டுகிறது, காய்ச்சல் அடிக்கிறது, நாடி பறக்கிறது. அப்போது நோயாளி தன் ஊரில் இருக்கிறார்; அறுத்த டாக்டர் கடலுக்கு அப்பால் இருக்கிறார். ஆபரேஷன் முடிந்த கையோடு மணிக்கணக்கில் விமானத்தில் முடங்கி உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலை அடைக்கும் அபாயம் வேறு. துருக்கிக்கு எடை குறைக்கப் போன 7 பிரிட்டிஷ்காரர்கள் இறந்ததை 2023இல் பி.பி.சி. வெளியிட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில், பசியைக் குறைப்பதாகச் சொல்லி இஸ்தான்புல்லிலும் இஸ்மிரிலும் இரைப்பைக்குள் ஊசி போட்டார்கள். உள்ளே போனது போட்டுலினம் நஞ்சு! ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, துருக்கி எனப் பல நாடுகளில் அறுபதுக்கும் மேற்பட்டோர் நரம்பு தளர்ந்து விழுந்தார்கள்.

உலகத்தின் பெரிய பணக்கார நாட்டின் கதை என்ன? அமெரிக்காவில் இன்ஷ்யூரன்ஸ் கை கொடுக்காதவர்கள் எல்லை தாண்டி மெக்சிகோவின் திஹுவானாவுக்குப் போகிறார்கள். 2018-19இல் அங்கே இந்த ஆபரேஷன் செய்துகொண்டு திரும்பியவர்களின் உடம்பில், கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கும் மருந்துக்கும் மசியாத கிருமி இருந்ததை அமெரிக்க நோய்த் தடுப்பு நிலையம் கண்டுபிடித்து எச்சரித்தது.

இதில் துருக்கி மக்களுக்காவது லாபம் உண்டா என்று பாருங்கள். அந்நிய நோயாளிகளைப் பிடித்து வர 2019இல் ஒரு சர்க்கார் கம்பெனியே வைத்தார்கள். 2022இல் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்ததாகக் கணக்குக் காட்டிக் குதித்தார்கள். அதே 2022இல் அங்கே விலைவாசி ஓராண்டில் 80 சதவீதத்துக்கு மேல் ஏறிற்று. சர்க்கார் ஆஸ்பத்திரியில் நோயாளி ஒருவருக்கு ஐந்தே நிமிஷம் தருகிறார்களே என்று டாக்டர்கள் கொதித்தெழுந்தார்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள். டாக்டர்கள் நாட்டை விட்டுப் போகிறார்களே என்றதற்கு எர்துவான் சொன்ன பதில்: போனால் போகட்டும்! அந்நியனுக்கு நட்சத்திர ஓட்டல், சொந்த ஜனங்களுக்கு ஐந்து நிமிஷம்.

இப்போது பிரிட்டனில் சில கனவான்கள் புதுப் பாட்டுப் பாடுகிறார்கள். மலிவைத் தேடிப் போய் உடம்பைக் கெடுத்துக்கொண்டு வந்தவர்களுக்கு மக்கள் வரிப்பணத்தில் ஏன் வைத்தியம், அவர்களே கட்டட்டும் என்கிறார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை! வரிப்பணத்தின் மேல் இவர்களுக்கு இத்தனை பாசமா? இந்த ஆபரேஷனுக்குத் தகுதியானவர் என்று டாக்டரே எழுதிக் கொடுத்த நோயாளி வருஷக்கணக்கில் வரிசையில் நிற்கிறார். அந்த வரிசையை நீளமாக்கியது யார்? 2010 முதல் சிக்கனம் சிக்கனம் என்று சொல்லிச் செலவை இறுக்கிப் பிடித்தவர்கள் யார்? உள்ளூரில் கதவைச் சாத்திவிட்டு, வெளியே போய் விழுந்தவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். தரகனை மட்டும் ஒருவரும் கூண்டுக்கு அழைக்கக் காணோம். "நன்றாக விசாரித்துவிட்டுப் போங்கள்" என்று அறிக்கை விட்டதோடு சர்க்காரின் கடமை தீர்ந்துவிடுகிறது. ஒரு பஸ் டிரைவர் அந்நிய நாட்டு ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் அறையை எப்படி விசாரிப்பார்?

எதை இழந்து கொண்டிருக்கிறார்கள் என்பது அந்த நாட்டுத் தொழிலாளிக்குத் தெரியும். வேல்ஸ் நாட்டு ட்ரெடிகர் நகரில் சுரங்கத் தொழிலாளர்கள் கூலியில் வாரா வாரம் சில்லறை போட்டுச் சொந்தமாக வைத்திய சங்கம் நடத்தினார்கள். அதே ஊரில் சிறு வயதிலேயே சுரங்கத்தில் இறங்கிய அனைரின் பெவன் சுகாதார மந்திரி ஆனார். 1948 ஜூலை 5இல், காசு வாங்காமல் வைத்தியம் பார்க்கும் தேசிய சுகாதார சேவை தொடங்கிற்று. டாக்டர் சங்கத் தலைவர்கள் எதிர்த்தார்கள், டோரிகள் எதிர்த்து வோட்டுப் போட்டார்கள், பெவன் அசையவில்லை.

நமக்கென்ன என்று இன்னமும் கேட்கும் தோழருக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டு நோயாளிகளை அழைக்கும் இதே கடை சென்னையிலும் விரித்திருக்கிறது. அந்தப் பளிங்கு வாசலில் நம் விவசாயத் தொழிலாளி நுழைய முடியுமா? அவர் படுத்திருப்பது ஜில்லா ஆஸ்பத்திரியில். அங்கே டாக்டர் காலியிடங்களை நிரப்பு, மருந்து கொடு என்றால், பணமில்லை என்று கையை விரிக்கிறார்கள்.

1951இல் லண்டனிலும் இப்படித்தான் கையை விரித்தார்கள். ராணுவச் செலவு கூடிவிட்டது, இனிப் பல் செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் ஜனங்கள் காசு கொடுக்க வேண்டும் என்றார்கள். பெவன் மந்திரி பதவியைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியே வந்தார்.