தொழில் என்னும் கட்டத்தில் ஒரே சொல்

நமது சங்கங்களில் புதிதாகச் சேருவோர் கையெழுத்திடும் விண்ணப்பத்தில் ‘தொழில்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ‘நெசவு’ என்றோ ‘விவசாயம்’ என்றோ ஒரே சொல்லை எழுதி முடித்துவிடுகிறோம். கடனின் நோக்கம், தவணை நாள், உதவிக்கு உரியவர் யார் என்பவை யாவும் பெரும்பாலும் அந்த ஒரு சொல்லைப் பற்றியே நிற்கின்றன. ஆனால் காவிரிப் படுகையில் ஒரே சொல்லால் பிழைக்கும் குடும்பம் அரிது. பதிவேடு ஒன்றும் வாழ்க்கை வேறொன்றுமாக இருப்பது சாதாரண எழுத்துக் குறையன்று. அது அங்கத்தினர்களின் அடுப்பைத் தொடும் விஷயம் என்பதை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பின்னர், ஜூன் 12ஆம் நாளில் தண்ணீர் திறப்பதும் அதை நம்பிக் குறுவை விதைப்பதும் வழக்கமாயின. குறுவை, சம்பா, தாளடி என்று பருவங்கள் மூன்று இருப்பினும், வயலில் கூலி கிடைக்கும் நாட்கள் நாற்றுப் பறிப்பு, நடவு, களையெடுப்பு, அறுப்பு ஆகியவற்றைச் சுற்றியே அமைகின்றன. மாசிக்குப் பின் உளுந்தும் பயறும் எடுத்துவிட்டால், ஆற்றில் தண்ணீர் வரும்வரை நிலம் வெயிலில் கிடக்கும். அந்த ஏற்பாடும் நிச்சயமன்று. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் ஜூன் 12இல் அணை திறக்கப்படவில்லை. 2024இல் ஜூலை 28ஆம் நாள்தான் திறந்தார்கள். ஆழ்குழாய்க் கிணறு உடையவர் குறுவை நட்டார். இல்லாதவர் வானத்தைப் பார்த்தார். நிலமற்ற கூலியாளோ அந்தப் பருவத்தின் கூலியையே இழந்தார்.

தறியின் நிலையும் இதுவே. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திருபுவனம் பட்டுப் புடவையை நாடு அறியும். அதை நெய்யும் வீட்டின் ஆண்டுக் கணக்கை அறிந்தவர் எத்தனை பேர்? ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் பாவு விரிக்க இயலாது. குழித்தறியின் குழியில் ஈரம் ஏறும். தீபாவளிக்கு முன் இரவும் பகலும் ஓடிய தறி, அதன் பின் வாரக்கணக்கில் ஓய்ந்து நிற்பதும் உண்டு. அந்நாட்களில் வீட்டார் ஒருவர் கடைக்குக் கணக்கு எழுதப் போவார். மற்றொருவர் வேறு கைவேலை தேடுவார். ஆயினும் நமது ஏட்டில் அவர்கள் வருடம் முழுவதும் நெசவாளர்களே.

இவ்விரண்டு தொழில்களோடு நமது ஊர்கள் நின்றுவிடவில்லை. சுவாமிமலையில் விக்கிரகம் வார்ப்போருக்கு அச்சுக்கு வேண்டிய வண்டல் மண்ணைத் தருவது காவிரியே. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையும் நாதசுரத்துக்குச் சீவாளியாவது ஆற்றங்கரையில் வளரும் நாணல்தான். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, கும்பகோணம் வெற்றிலை என்று இந்த வரிசை நீளும். ஒரே ஆறு இத்தனை தொழில்களை வளர்த்திருக்க, நமது ஏட்டில் மட்டும் ஏன் ஒரே வரி?

பல தொழில் செய்வதைப் பெருமையாக மட்டும் பேசுவது நேர்மையாகாது. பண்ணையாட்கள் எந்த வேலையையும் ஏவியபடி செய்யவேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. அவர்களைக் காக்க 1952இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. விரும்பி ஏற்கும் இரண்டாவது தொழில் வேறு. பட்டினியால் ஓடிப் பிடிக்கும் கூலி வேறு. அறுவடை இயந்திரம் பல நாள் வேலையைச் சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. நமது இளைஞர்கள் திருப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்ல, மேற்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள் இங்கே நாற்று நடுகிறார்கள். வந்தவரையும் சென்றவரையும் குறைகூறிப் பயனில்லை. இருவரையும் நகர்த்துவது வேலையற்ற மாதங்களே.

இதில் மிகுதியும் மறைந்துபோவது பெண்களின் உழைப்பு. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஆறு மாதத்துக்குக் குறைவாக வேலை செய்தவர்களை முதன்மைத் தொழிலாளர் வரிசையில் சேர்க்காமல் தனியே பிரித்தது. நடவுக்கும் களைக்கும் போய், மீதி நாட்களில் தார் சுற்றி, இழை பிணைத்து, மாடும் கறந்த ஒரு பெண்ணை அந்தக் கணக்கு எங்கே வைத்திருக்கும்? நமது சங்க ஏட்டிலோ அவள் பெயரே இல்லை. அவள் சுற்றிக் கொடுத்த தார் கணவன் பெயரில் புடவையாகிறது. கூலியும் அவன் கணக்கிலேயே ஏறுகிறது.

‘பல தொழிலில் கை வைத்தால் ஒன்றிலும் தேர்ச்சி வராது, சங்கப் பணமும் வேறு வழியில் செலவாகிவிடும்’ என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். முதல் அச்சத்தில் ஓரளவு நியாயமுண்டு. ஆயின் தறியில் அமர்பவர் வேறு வேலை தேடி ஓடாமலிருக்க வேண்டுமானால், வீட்டின் மற்ற வருவாய் அவருக்குத் துணை நிற்க வேண்டும். இரண்டாவது அச்சத்துக்குக் கூட்டுறவின் வரலாறே விடை கூறும். 1904ஆம் ஆண்டுச் சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டுமே இடமளித்தது. எட்டு ஆண்டுகளில், 1912இல், வேறு வகைச் சங்கங்களுக்கும் வழி திறந்தது. தேவை விரிந்தபோது சட்டமே விரிந்தது. நமது பதிவேடு விரியலாகாதா?

ஆகவே அங்கத்தினர்கள் முன் நான்கு யோசனைகளை வைக்கிறேன். முதலாவது, ஒவ்வொரு குடும்பமும் பன்னிரண்டு மாதங்களில் எந்தெந்த வேலையால் பிழைக்கிறது என்பதை ஏட்டில் எழுதுக. இரண்டாவது, தவணை நாளை வீட்டில் பணம் வரும் மாதத்தில் வைக்குக. வேலையற்ற மாதத்தில் கேட்கும் தவணை, வட்டிக்கடைக்கு வழிகாட்டுவதே ஆகும். மூன்றாவது, மழைக்கு முன்னரே பாவு ஓட்டித் தறியேற்றும்படி, ஆவணியிலேயே பட்டும் நூலும் கொடுக்க ஏற்பாடு செய்க. நான்காவது, துணைவேலை செய்யும் பெண்களைத் தனி அங்கத்தினராகச் சேர்த்து, அவர்கள் கூலியை அவர்கள் பெயரிலேயே வரவு வைக்குக.

இவற்றுள் முதலாவதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு நோட்டும், வீடு வீடாகச் சென்று கேட்கும் பொறுமையும் போதும். அடுத்த பொதுப் பேரவையில் யாரேனும் ஓர் அங்கத்தினர் எழுந்து, ‘எங்கள் வீட்டின் தொழில் ஒன்றன்று’ என்று சொல்லட்டும். அதைக் கேட்டு எழுதிக்கொள்ளும் காரியதரிசி, ஏட்டைத் திருத்துவதோடு சங்கத்தையும் திருத்தியவராவார்.