தோழியை இழந்த காதல்

காதலிக்கத் தொடங்கிய பெண் முதலில் இழப்பது தன் தோழியையே என்பதும், காதல்வயப்பட்ட இளைஞன் முதலில் கைவிடுவது தன் நண்பர்களையே என்பதும் இக்காலத்தில் சர்வசாதாரணமாகிவிட்டன. ‘உனக்கு நான் ஒருவன் போதாதா?’ என்று அவன் கேட்பதும், அக்கேள்வியைப் பேரன்பின் லட்சணமாக ஏற்றுக் கல்லூரிக் காலத்துச் சிநேகங்களை அவள் ஒவ்வொன்றாகத் துறப்பதும், அதன் பின் அவன் வாட்ஸ்அப்பில் அவள் செய்தியைப் பார்த்துவிட்டும் மறுமொழி எழுதாத அரைமணி நேரத்தில் தான் எதற்கும் தகுதியற்றவள் என்ற எண்ணம் புகுந்து அவளை வதைப்பதும், ஒன்றைத் தொடர்ந்து ஒன்றாக விளைகிற சங்கதிகள். தன்மதிப்பு என்பது பலருடைய அன்பினாலும், தான் செய்யும் வேலையினாலும், தன்னைப் பற்றிய தன் சொந்த அபிப்பிராயத்தினாலும் சிறுகச் சிறுக உருவாவது. அதனை முழுவதும் ஒரே மனிதரின் முகக்குறிப்பிடம் ஒப்படைத்துவிட்டால், அம்மனிதர் எத்தனை நல்லவராயினும், அந்தப் பாரத்தைச் சுமக்க அவரால் இயலாது என்பது என் உறுதியான கருத்து.

காதலை வாழ்க்கையின் தலையாய பொருளாகக் கொண்டு அதற்கு இலக்கணமே வகுத்த நம் முன்னோர், காதலர் இருவரையும் உலகினின்று பிரித்துத் தனியே நிறுத்திவிடவில்லை. தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே நின்று பேசவும் பிணக்குத் தீர்க்கவும் உரிய வாயில்கள் என்று தோழி, தாய், பாங்கன், பாணன், விறலி, விருந்தினர், அறிவர் முதலாகப் பன்னிருவரைத் தொல்காப்பியக் கற்பியல் வரிசைப்படுத்துகிறது. அவர்களுள் தோழிக்குக் கிடைத்த ஸ்தானம் மகத்தானது. ஐங்குறுநூற்றின் நெய்தற் பகுதியில், தலைவி தோழியிடம் மனம் திறக்கும் செய்யுட்களுக்கென்றே ஒரு பத்தை ஒதுக்கினார் அம்மூவனார். தலைவியின் மெலிவை முதலில் கண்டுகொள்பவள் தோழி. இரவில் வந்து போகும் தலைவனிடம் விரைவில் மணம் செய்துகொள்ளும்படி வற்புறுத்துபவள் அவள். பரத்தையிடமிருந்து திரும்பியவனை வாயிலிலேயே மறித்து நிறுத்துபவளும், தலைவியின் காதலைச் செவிலிக்கு எடுத்துரைத்து, செவிலி வழியே நற்றாய்க்கும், அவள் வழியே தந்தைக்கும் தமையன்மாருக்கும் தெரியச் செய்து அறத்தொடு நிற்பவளும் அவளே. தலைவி நொந்து தன்னையே பழித்துக்கொள்ளும் வேளையில், குற்றம் அவளுடையதன்று என்று சொல்ல ஒரு குரல் அருகில் இருந்தது. அவள் தலைவனிடம் ஊடத் துணிந்ததும் அந்தக் குரல் தந்த பலத்தினாலேயே என்று நான் எண்ணுகிறேன். திருக்குறள் ஊடலுவகை என்னும் அதிகாரத்தோடு நிறைவுறுவதைக் கருதினால், காதலித்தவரிடம் தன் மனவருத்தத்தை அச்சமின்றிக் காட்டும் உரிமையை வள்ளுவர் எவ்வளவு உயர்வாக மதித்தார் என்பது விளங்கும்.

தலைவனுக்கும் பாங்கன் என்றொருவன் இருந்தான். காதலில் நிலைகுலைந்த தலைவனை அவன் முதலில் இடித்துரைப்பான்; பிறகு தானே சென்று தலைவியைக் கண்டு, நண்பன் தவிப்பதில் நியாயம் உண்டென்று தெளிந்து, துணைநிற்பான். நம் வீடுகளில் அழக்கூடாதென்று சொல்லி வளர்க்கப்பட்ட ஆண்பிள்ளைக்கு இன்று அப்படியொருவன் இல்லை. நண்பர்களோடு கிரிக்கெட்டும் சினிமாவும் பேசுகிறவன், தன் பயங்களையும் தோல்விகளையும் காதலி ஒருத்தியிடமே சொல்கிறான். அவளே தாயாகவும் வைத்தியராகவும் மந்திரியாகவும் இருக்க நேர்கிறது. அவள் களைத்துப்போனாலோ, விலகிச் சென்றாலோ, அவனுக்குப் போக்கிடம் இல்லை. 2022-இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட 1,70,924 பேரில் 4.5 சதவீதத்தினரின் மரணத்துக்குக் காதல் விவகாரமும், 4.8 சதவீதத்தினரின் மரணத்துக்குத் திருமணம் தொடர்பான சிக்கல்களும் காரணம் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. ஒவ்வொரு சாவுக்கும் காரணங்கள் பல உண்டு. ஆயினும், அந்த இறுதி இரவில் தயங்காமல் அழைத்துப் பேசத்தக்க ஒரு நண்பர் இருந்திருந்தால் அவர்களுள் சிலரேனும் பிழைத்திருப்பார்கள் என்ற எண்ணம் என் நெஞ்சை அறுக்கிறது.

இருவருக்கிடையே மூன்றாமவர் நுழைந்தால் குடும்பம் கெடும் என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். அதிகாரம் செலுத்த நுழைகிறவரால் கெடும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காதலரை ஒருவருக்கொருவர் மட்டுமே கதியாக்கியதில் அந்த அதிகாரத்துக்கே பெரும் பங்கு உண்டு. சாதியின் பெயராலும் குடும்ப கௌரவத்தின் பெயராலும் பெற்ற மகளையே கொல்லத் துணிகிற மனிதர்கள் வாழும் நாட்டில், காதல் ஒளிந்தே வளர்கிறது. ஒளிந்து வளர்வதால், காதலன் ஏசினாலும், கைப்பேசியைப் பிடுங்கிச் சோதித்தாலும், ‘உன் முகத்துக்கு என்னை விட்டால் வேறு யார்?’ என்று இழித்தாலும், அவளால் தாயிடமும் சொல்ல இயலாது, அக்காளிடமும் சொல்ல இயலாது. சொன்னால் அவனைப் பற்றிய விசாரணை நடவாது. அவள் காதலித்ததைப் பற்றிய விசாரணையே நடக்கும். பழைய தோழி அறத்தொடு நிற்க முடிந்ததற்குக் காரணம், செவிலி காதுகொடுத்துக் கேட்டாள் என்பதுதான்.

தலைமக்களிடம் இருக்கலாகாத குணங்களைத் தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் தொகுத்துச் சொல்கிறது. கொடுமையும், வன்சொல்லும், மறதியும், தன்னைத்தானே வியந்துகொள்ளும் குணமும் அவற்றுள் அடங்கும். நம் காலத்துச் சட்டமும் இவ்விஷயத்தில் தெளிவாகவே பேசுகிறது: 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், அடி உதையை மட்டுமன்றி, ஏளனத்தையும் அவமதிப்பையும், குழந்தை இல்லை என்றும் ஆண் குழந்தை இல்லை என்றும் இழித்துரைப்பதையும் வன்முறையென்றே கொள்கிறது, மணமாகாமல் ஒரே இல்லத்தில் கணவன் மனைவியைப் போல் வாழ்வோருக்கும் அது பொருந்தும். ஆனால் நீதிமன்றம் வரை செல்வதற்குமுன், தனக்கு நிகழ்வது அநியாயம் என்பதை அவள் உணர வேண்டும்; தனித்துவிடப்பட்ட மனத்துக்கு அந்த உணர்வு எளிதில் வருவதில்லை.

ஆகவே, காதலிக்கும் இளைஞர்களே, உங்கள் காதலிக்கு ஒரு தோழி இருந்தால் அவளைப் போட்டியாளராக எண்ணாதீர்கள். உங்கள் தவறுகளை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லும் சுதந்திரத்தை அவளுக்குக் கொடுங்கள். பெண்களே, எவர் பொருட்டும் பழைய சிநேகத்தை முறித்துக்கொள்ளாதீர்கள். முறிந்திருந்தால் இன்றே அவளை அழைத்துப் பேசுங்கள். பெற்றோரே, உங்கள் பிள்ளை ஒரு பெயரைச் சொல்லத் தயங்கி நிற்கும்போது, சாதியை விசாரிக்கும் முன் அவர் அன்பாக நடந்துகொள்கிறாரா என்று விசாரியுங்கள். அழைத்துப் பேச ஒருவருமே இல்லாதவர்களுக்காக மத்திய அரசின் டெலி-மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இயங்குகிறது. அங்கே தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.