குருதிக் குறிப்பு சாதகக் குறிப்பன்று

யூபிலி மலரெனின் பழமையைப் போற்றுதல் வழக்கம். யாம் இங்கே புதுமையொன்றைக் குறித்து எமது கருத்தைக் கூறத் துணிகின்றோம். சிறுநீரகத்திலே தோன்றிப் பிற உறுப்புக்களுக்கும் பரவிவிட்ட புற்றுநோயின் போக்கினைச் சிறு குப்பிக் குருதியைக் கொண்டு ஓரளவு முன்னரே மதிப்பிடலாம் என்பதே அது.

புற்றுக்கட்டிகளினுள் வெண்குருதிக் கலங்கள் குழுமியிருத்தலை ஜேர்மன் அறிஞர் வேர்க்கோ 1863இற் சுட்டிக்காட்டினார். 1930இல் நியூயோர்க்கிலே நியூமோனியா நோயாளரின் குருதியிற் புரதமொன்று கண்டறியப்பட்டது. வைத்தியசாலைகளில் அதனைச் சி.ஆர்.பி. என்பர். சிறுநீரகப் புற்றுக்கட்டி பலவேளைகளில் இன்டர்லூக்கின்-6 என்னும் பொருளைச் சுரக்கும். அதன் ஏவலால் ஈரல் இப்புரதத்தை மிகுதியாக ஆக்கும். ஆதலின், இப்புரதம் மிகுந்தோர்க்கு நோய் கடிதாதலை ஆய்வுகள் பல கண்டுள்ளன.

2009இல் ஹெங் முதலியோர் ஆறு குறிகளை வகுத்தனர். ஈமோகுளோபின் குறைதல், கல்சியம் மிகுதல், நடுநிலைநாடிக் கலங்கள் மிகுதல், குருதிச் சிறுதட்டுக்கள் மிகுதல் என்னும் நான்கும் குருதிக்குரியன. பின்னிரண்டும் அழற்சியின் சாயலுடையன. உடல் வலுக் குன்றலும், நோய் கண்டு ஓராண்டினுள் மருந்து வேண்டப்படுதலும் ஏனையவை. குறியொன்றும் இல்லாதோருள் 100க்கு 75 பேரும், ஒன்றிரண்டு உடையோருள் 53 பேரும், மூன்றும் அதற்கு மேலும் உடையோருள் 7 பேருமே ஈராண்டின் பின் உயிரோடிருந்தனர்.

இவ்வெண்கள் அஞ்சத்தக்கனவே. எனினும், இவற்றைச் சாதகக் குறிப்பாகக் கொள்ளுதல் தவறென்பது எமது துணிபு. முதலாவது, சி.ஆர்.பி. புற்றுநோய்க்கே உரியதன்று, பல்லிற் சீழ் கட்டினும் ஏறும். இரண்டாவது, இவை கூட்டத்தைக் குறித்த எண்கள். தனியொருவரின் நாளை எண்ணித் தருவன அல்ல. மூன்றாவது, இவை அக்கால மருந்துகளுக்கு உரியன. 2018இல் வெளியான பேராய்விலே, ஒரு குறியேனும் உடையோருள் நிவோலுமாப், இப்பிலிமுமாப் என்னும் இரு மருந்துகளையும் சேர்த்துப் பெற்றோர், சுனிட்டினிப் பெற்றோரிலும் நெடிது வாழ்ந்தனர். ஆங்கே அபாயக் குறி மருந்தை மறுத்தற்கு ஏதுவாகவில்லை; தக்க மருந்தைத் தெரிதற்கே உதவிற்று.

பழைய மாணவருள் வைத்தியர் பலர் உளர். அவர்களிடம் எமது வேண்டுகோள் இது: குறிகளைக் கணியுங்கள், கேட்போர்க்கு உண்மையை மறையாதீர்கள், ஆயின், எண்களை மாத்திரம் நோயாளியின் கையிற் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். அருகிருந்து அவற்றின் பொருளையும் எல்லையையும் விளக்குங்கள். விஞ்ஞானம் பயிலும் இளைஞரும், சராசரி வேறு, கண்முன் இருக்கும் மனிதன் வேறு என்பதை இன்றே உணர்வாராக.