மாதர் நலம்: கருவுற்ற தாயும் எக்ஸ்ரேயும்

சகோதரி ஒருவரிடமிருந்து நமக்குக் கடிதம் ஒன்று வந்துள்ளது. கருவுற்றிருப்பதை அறியாமல், நீங்காத இருமலுக்காக அவர் மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டாராம். "குழந்தை ஊனமாய்ப் பிறக்கும், கலைத்துவிடுவதே மேல்" என்று அண்டை வீட்டார் கூறக் கேட்டு உறக்கமின்றித் தவிக்கிறார்.

அச்சகோதரிக்கு நாம் கூறுவது இதுதான்: அஞ்ச வேண்டா, கருவைக் கலைக்க இது காரணமே ஆகாது. உடல் ஏற்கும் கதிர்வீச்சை மில்லிகிரே என்னும் அலகால் அளப்பர். மார்பு எக்ஸ்ரேயால் கருவை அடைவது 0.01 மில்லிகிரேக்கும் குறைவே. மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் இயற்கையாக வரும் கதிர்களால் ஒவ்வொரு சிசுவும் பிறக்குமுன் பெறுவது இதனினும் பன்மடங்கு. ஊனம் விளைய ஏறத்தாழ 100 மில்லிகிரேயேனும் வேண்டும். வயிற்றை எடுக்கும் சி.டி. ஸ்கேன் ஒன்றுகூடப் பெரும்பாலும் 50-ஐத் தாண்டுவதில்லை. 100-க்குக் குறைந்த அளவை முன்னிட்டுக் கருவைக் கலைத்தல் நியாயமன்று எனச் சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்புக் கமிஷன் 2000-ஆம் ஆண்டிலேயே கூறியுள்ளது.

ஆயினும் அசட்டையும் ஆகாது. புற்றுநோயால் மாண்ட குழந்தைகளின் தாய்மாரை விசாரித்த ஆக்ஸ்போர்டு டாக்டர் ஆலிஸ் ஸ்டூவர்ட், அவர்களுள் கர்ப்பகாலத்தில் வயிற்றை எக்ஸ்ரே எடுத்துக்கொண்டோர் மிகுதி என்று 1956-இல் கண்டறிந்தார். இடர் சிறிதே, எனினும் தேவையற்ற படம் எதற்கு? சிசுவின் நிலையறிய இன்று கதிர்வீச்சற்ற அல்ட்ராசவுண்ட் உள்ளது. தைராய்டு நோய்க்குத் தரும் கதிரியக்க அயோடினையோ கர்ப்பிணிகள் அறவே தவிர்த்தல் வேண்டும். மூன்றாம் மாதம் முதல் அது சிசுவின் தைராய்டையே அழிக்கக்கூடும்.

நம்மை வருத்துவது வேறொன்று. ஊருக்குப் புதிதாய் வந்த நம் பெண்கள், மொழி அறியாமையாலும் நாணத்தாலும் எக்ஸ்ரே அறையில் வாய் திறப்பதில்லை. நாள் தள்ளிப்போயிருந்தாலே சொல்லிவிடுதல் வேண்டும். ஹிந்தி வழங்கும் நகரங்களில், 'மைம் கர்ப்பவதி ஹூம்' என்னும் மூன்று சொற்கள் போதும். உடன் செல்லும் கணவரும் மாமியாரும் இதனை நினைவிற்கொள்க.

சொன்னபின், "இப்படம் இப்போதே வேண்டுமா? அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ போதாதா?" என்று டாக்டரைக் கேட்கலாம். அவசியமென்று அவர் கூறின் மறுக்கற்க. காசநோயையோ எலும்பு முறிவையோ கவனியாது விடுதல் தாய்க்கும் சேய்க்கும் பெருந்தீங்கு. கடிதம் எழுதிய சகோதரி மனந்தேறி, அந்த இருமலுக்குரிய சிகிச்சையை உடனே தொடர்வாராக.