ஸோன் நதிக்கரையில் ஓர் ஊர்

உங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில், தாத்தாவும் பாட்டியும் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருக்கும் பழைய போட்டோ ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். அதற்காக யாருக்கு நன்றி சொல்ல வேண்டும்? ஸ்டூடியோக்காரருக்கு என்பீர்கள். அவருக்கும் முன்னால் நன்றி சொல்ல வேண்டிய ஒரு மனிதரும் ஓர் ஊரும் உண்டு.

ஊரின் பெயர் ஷாலோன். பிரான்ஸ் தேசத்தில், திராட்சைத் தோட்டங்களுக்குப் பேர்போன பர்கண்டிச் சீமையில், ஸோன் நதிக்கரையில் இருக்கிறது. அதே உச்சரிப்புள்ள இன்னோர் ஊரும் அந்தத் தேசத்தில் இருப்பதால், நதியின் பெயரையும் சேர்த்தே இதைச் சொல்வார்கள். ஜூலியஸ் சீஸரே தமது யுத்தக் குறிப்புகளில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அவ்வளவு பழைய படகுத் துறை.

இந்த ஊரில் 1765-ம் வருஷம் பிறந்தவர் நிஸெபோர் நியெப்ஸ். அவருக்கு கிளாட் என்று ஓர் அண்ணன். இரண்டு பேருக்கும் சும்மா இருக்கத் தெரியாது. எளிதில் தீப்பற்றும் ஒருவகைப் பொடியை வெடிக்கச் செய்து ஓடும் இயந்திரம் ஒன்றைச் செய்தார்கள். அதைப் படகில் பொருத்தி, ஸோன் நதியில் நீரோட்டத்துக்கு எதிராகவே ஓட்டிக் காட்டினார்கள்! 1807-ல் நெப்போலியன் சக்கரவர்த்தியின் அரசாங்கம் அதற்கு உரிமைப் பத்திரம் கொடுத்தது. மோட்டார் காருக்கெல்லாம் அது ஒரு பாட்டன் என்று சொல்லலாம்.

அந்த இயந்திரத்தைப் பணமாக்குகிறேன் என்று அண்ணன் இங்கிலாந்துக்குப் போனார். பணம் வரவில்லை, குடும்பச் சொத்துதான் கரைந்தது. தம்பியோ ஊருக்குத் தெற்கே ஸேன் லூ என்ற கிராமத்து வீட்டில் இருந்துகொண்டு வேறொரு பைத்தியம் பிடித்து அலைந்தார். இருட்டுப் பெட்டிக்குள் விழும் பிம்பத்தை அழியாமல் நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் அது.

கடைசியில் வழி கிடைத்தது. தகட்டின் மேல் தார் போன்ற ஒரு பொருளைப் பூசினார். வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். படாத இடத்தை லவண்டர் எண்ணெயால் கழுவிவிடலாம். 1826 அல்லது 1827-ல், மாடி ஜன்னலில் பெட்டியை வைத்துத் தம் வீட்டுக் கூரைகளைப் படம் பிடித்தார். அதற்கு எட்டு மணி நேரம் ஆயிற்று என்று வெகு காலமாகச் சொல்லி வந்தார்கள். பல நாட்களே ஆகியிருக்கும் என்பது இப்போதைய ஆராய்ச்சியாளர்களின் அபிப்பிராயம். அதனால் காலை வெயிலும் மாலை வெயிலும் ஒரே படத்தில் விழுந்திருக்கின்றன! காமிராவால் எடுத்து இன்றைக்கும் எஞ்சியிருக்கும் படங்களில் இதுவே மிகப் பழையது.

இனி வருவதுதான் வருத்தமான பகுதி. 1829-ல் பாரிஸ்காரரான டாகேர் என்பவருடன் நியெப்ஸ் கூட்டுச் சேர்ந்தார். நான்கு வருஷத்தில், கடன் சுமையுடனேயே கண்ணை மூடினார். டாகேர் அந்த வேலையை வளர்த்துப் புதிய முறை ஒன்று கண்டார். 1839-ல் அது உலகத்துக்கு வெளியானபோது, அதற்கு டாகேரின் பெயரே சூட்டப்பட்டிருந்தது. நியெப்ஸின் மகனுக்கு அரசாங்கம் உபகாரச் சம்பளம் கொடுத்தது. ஆனால் புகழ்? அது பாரிஸிலேயே தங்கிவிட்டது.

ஷாலோன் ஜனங்கள் மட்டும் மறக்கவில்லை. 1885-ல் தங்கள் ஊர்க்காரருக்குச் சிலை வைத்தார்கள். அவர் எடுத்த படம் எங்கே போயிற்றென்று தெரியாமலே இருந்து, 1952-ல் இங்கிலாந்தில் ஒரு பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து கிடைத்தது. இப்போது அமெரிக்காவில் டெக்ஸாஸ் சர்வகலாசாலையில் இருக்கிறது. ஆனால் அவர் கையாண்ட காமிராக்களை ஷாலோனிலேயே, நதிக்கரையில் அவர் பெயரால் ஏற்பட்ட மியூசியத்தில் பார்க்கலாம்.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். 1960-களில் கோடக் கம்பெனி இதே ஊரில் பெரிய பிலிம் தொழிற்சாலை நடத்தியது. பாட்டி வீட்டுக்குப் பேரன் பணக்காரனாகத் திரும்பி வந்தது போல் இருந்தது. பல குடும்பங்கள் அதை நம்பிப் பிழைத்தன. டிஜிட்டல் காமிரா வந்ததும் பிலிமை யாரும் சீந்தவில்லை. 2007-ல் தொழிற்சாலையின் பெரிய கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். படம் பிடிக்கும் கலையைப் பெற்ற ஊருக்கு, அந்தக் கலையின் வளர்ச்சியே சோற்றில் மண்ணைப் போட்டது!

பாரிஸுக்குப் போகிறவர்கள் ஈபில் கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். உங்களுக்கு அந்தப் பாக்கியம் கிட்டினால், தெற்கே போகும் ரயிலேறி ஷாலோனில் இறங்குங்கள். சிலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஸோன் நதியை ஒரு படம் எடுங்கள். நாள் கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தக் காத்திருப்பையெல்லாம் நமக்காக அவரே முடித்துவிட்டார்.