சாவைக் காட்டிச் சிரிக்க வைப்போர்

தொலைக்காட்சியைப் பற்றி இப்பகுதியில் நாம் குறைப்பட்டுக் கொள்வது இது முதன்முறையன்று. ஆபாசத்தைக் குறித்தும் வன்முறையைக் குறித்தும் எழுதி நாமும் அலுத்தோம், படிப்போருக்கும் அலுத்திருக்கும். இம்முறை எடுத்துக் கொண்ட பொருள் அவ்விரண்டிலும் முழுமையாக அடங்காதது. உண்மையில் வாழ்ந்து, விந்தையான முறையில் உயிரிழந்த மனிதரை வேடிக்கைப் பொருளாக்கி விற்கும் நிகழ்ச்சிகளைப் பற்றியே இங்குச் சொல்ல விரும்புகிறோம்.

இவ்வகையில் பெரும்பெயர் எடுத்தது '1000 வேஸ் டு டை' என்னும் அமெரிக்க நிகழ்ச்சி. சாவதற்கு ஆயிரம் வழிகள் என்பது அதன் பொருள். ஸ்பைக் என்ற கேபிள் தொலைக்காட்சி 2008-ஆம் ஆண்டு மே மாதம் அதனைத் தொடங்கி 2012 வரை ஒளிபரப்பியது. நிகழ்ச்சி நின்று ஆண்டுகள் பல கடந்தும் அதன் துண்டுகள் கைப்பேசிகளில் இன்னும் உலவுகின்றன. அமைப்பு எப்போதும் ஒன்றே. ஒரு சாவு, அதற்கு ஓர் எண், சிலேடையாக ஒரு தலைப்பு. நடிகர்கள் அச்சாவை நடித்துக் காட்டுவர். உடலுக்குள் எலும்பு முறிவதையும் குருதிக் குழாய் வெடிப்பதையும் கணினிப் படம் காட்டும். மருத்துவரோ அறிவியலாரோ தோன்றி, நிகழ்ந்ததை விளக்குவர். ரான் பெர்ல்மன் என்னும் நடிகரின் கனத்த குரல் பின்னிருந்து கேலி பேசும். அடுத்து இன்னோர் எண், இன்னொரு சாவு.

காட்டப்படுபவை உண்மைச் சாவுகள் என்றும், இறந்தோரின் பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன என்றும் நிகழ்ச்சியிலேயே அறிவிப்பு வரும். ஆனால் பெயரோடு மாற்றம் நின்றுவிடவில்லை. உண்மையோடு புனைவும் தாராளமாகக் கலந்தது. இறந்தவன் பல வேளைகளில் குடிகாரனாக, திருடனாக, மனைவிக்குத் துரோகம் செய்பவனாக, எவரும் சகிக்கவொண்ணாத அகந்தைக்காரனாகச் சித்திரிக்கப்பட்டான். இதற்குக் காரணம் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. மாலையில் வீடு திரும்ப வேண்டிய ஒரு தகப்பன் உயரத்திலிருந்து விழுந்தான் என்றால் எவராலும் சிரிக்க முடியாது. அவனை முதலில் கயவனாக்க வேண்டும். அல்லது மூடனாக்க வேண்டும். அப்போதுதான் பார்ப்பவர் மனச்சாட்சி உறுத்தாமல், 'இவனுக்கு இது வேண்டியதுதான்' என்று சாய்ந்து உட்கார முடியும்.

நம்மை உறுத்துவது இந்த ஏற்பாடே. குருதியைக் காட்டியது இரண்டாம் குற்றம்.

இந்த மனநிலை புதியதன்று. சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் மாண்ட செய்தி லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் வருகிறது. எருசலேமில் குடியிருந்த மற்றெல்லாரையும்விட அப்பதினெட்டுப் பேரும் குற்றவாளிகளென எண்ணுகிறீர்களோ என்று ஆண்டவர் கேட்டார். அப்படியல்ல என்று விடையையும் அவரே தந்தார். அவர்கள் யார், கோபுரத்தடியில் என்ன செய்து கொண்டிருந்தார்கள் என்பதை அவர் விவரிக்கவில்லை. கேட்டு நின்றவர்களுக்கு அது ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கலாம்.

சிரிப்புக்காகச் சாவை நறுக்கித் தருவோர் எதனை வெட்டி எறிகின்றனர் என்று பார்ப்பது பயனுள்ளது. விந்தைச் சாவுகளின் தொகுப்புகளில் அடிக்கடி இடம்பெறும் ஒருவர் கிளெமென்ட் வாலண்டிகாம். அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்து வழக்கறிஞர். முன்னாள் காங்கிரஸ் உறுப்பினர். 1871-ஆம் ஆண்டில், துப்பாக்கி எப்படித் தவறுதலாக வெடித்திருக்கும் என்று தம் அறையில் நண்பர்களுக்கு நடித்துக் காட்டும்போது, குண்டு நிரப்பியிருந்த துப்பாக்கியைத் தவறுதலாக எடுத்துத் தம்மையே சுட்டுக் கொண்டார், மறுநாள் இறந்தார். மூடத்தனம் என்று கேட்பவர் சிரிப்பர். அவர் எதற்காக நடித்துக் காட்டினார்? கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவனைக் காப்பதற்காக. இறந்துபோனவன் தன் துப்பாக்கியாலேயே தவறுதலாகச் சுட்டுக் கொண்டிருக்கலாம் என்பதே அவரது வாதம். கட்சிக்காரன் பின்னர் விடுதலையானான். வாலண்டிகாமின் அரசியலில் நமக்கு உடன்பாடில்லை. அது வேறு கதை.

நடனக் கலைஞர் இசடோரா டங்கனின் முடிவும் அவ்வாறே. 1927-ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரான்சு நாட்டு நீஸ் நகரில், அவர் அணிந்திருந்த நீண்ட கழுத்துத் துகில் காரின் சக்கரத்தில் சிக்கி உயிர் போயிற்று. துகிலும் சக்கரமும் உலகெங்கும் தெரியும். பதினான்கு ஆண்டுகளுக்கு முன், 1913-இல், அவருடைய இரு குழந்தைகளும் செவிலியுடன் காரில் இருந்தபடியே சேன் ஆற்றில் மூழ்கி மாண்டதை எத்தனை பேர் சேர்த்துச் சொல்கிறார்கள்? சொன்னால் சிரிப்பு வராது.

பிரான்ஸ் ரெய்ச்சல்ட் என்ற தையற்காரர் 1912-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள், தாமே தைத்த பாரசூட் உடையை அணிந்து பாரிசின் ஐபல் கோபுரத்து முதல் தளத்திலிருந்து குதித்தார். உடை விரியவில்லை. பத்திரிகையாளர்களும் திரைப்படக் கருவிகளும் முன்கூட்டியே வந்து காத்திருந்தனர். விளிம்பில் அவர் தயங்கி நின்றதும், வீழ்ந்ததும், தரையில் ஏற்பட்ட குழியின் ஆழத்தைச் சிலர் அளந்து பார்ப்பதும் படத்தில் பதிவாயின. நூறாண்டுக்கு மேலாக அது காட்டப்படுகிறது. விமானங்கள் விழுந்து விமானிகள் மடிந்து கொண்டிருந்த காலத்தில் அவர்களைக் காக்கும் உடை ஒன்று தைக்க வேண்டும் என்பதே அந்தத் தையற்காரரின் கனவு. அது மட்டும் படத்தில் விழவில்லை.

விபத்தைக் காட்டும் நிகழ்ச்சிகள் அனைத்தையும் நாம் ஒரே கூடையில் போடவில்லை. விமான விபத்துகளை ஆராயும் 'மேடே' என்ற தொடர் 2003 முதல் கனடாவில் தயாராகி வருகிறது. அதிலும் மரணம் உண்டு, நடிப்பு உண்டு, கணினிப் படம் உண்டு. ஆனால் எங்கே பிழை நேர்ந்தது என்பதே அங்குக் கேள்வி. 1977-இல் தெனெரிப் தீவில் இரு விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டனர். அதன்பின் விமானிகளும் கட்டுப்பாட்டு நிலையத்தாரும் பேசிக் கொள்ளும் சொற்களே திருத்தப்பட்டன. அத்தகைய செய்தியைப் பிள்ளைகள் அறிவதில் தவறில்லை.

நம் ஊர்களில் கோயிலிலிருந்து துக்கமணி ஒலித்தால், யாரென்று அறியுமுன்பே கை நெற்றிக்குச் செல்லும். ஆன்மாவுக்காக ஒரு செபம் வாயில் வரும். எப்படிச் செத்தார் என்ற கேள்வி பின்னால் வரும். வராமல் இராது, துக்க வீட்டுத் திண்ணையில் நாம் பேசாததா! ஆயினும் செபம் முந்தியது, விசாரணை பிந்தியது. இந்நிகழ்ச்சிகளைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு முந்தியது இல்லாமலே போய்விடுமோ என்பது நம் அச்சம்.

பெட்டியை அணைத்துவிடுங்கள் என்று சொல்வது எளிது. இன்று பெட்டி ஒவ்வொரு சட்டைப்பையிலும் இருக்கிறது. எனவே, பிள்ளை அப்படியொரு துண்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உங்களிடம் காட்ட வந்தால், கைப்பேசியைப் பிடுங்காமல், விடுபட்ட பகுதியைச் சொல்லிப் பாருங்கள். இவனுக்கு வீட்டில் யார் இருந்திருப்பார்கள் என்று கேளுங்கள். ஸ்டீவ் இர்வினின் செய்தியையும் சேர்த்துச் சொல்லலாம். முதலைகளோடு விளையாடிய அந்த ஆஸ்திரேலியரைப் பிள்ளைகள் பலர் அறிவர். 2006-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் கடலில் படமெடுக்கையில் திருக்கை மீனின் முள் பாய்ந்து அவர் இறந்தார். அந்த நிமிடமும் படச்சுருளில் பதிவாகியிருந்தது. அதனை வெளியிட்டிருந்தால் உலகமே பார்த்திருக்கும். குடும்பத்தார் இசையவில்லை. அவர் எடுத்துக் கொண்டிருந்த ஆவணப்படம் 2007 ஜனவரியில் ஒளிபரப்பாயிற்று, அந்தக் காட்சி இல்லாமலே.